டப்பா மேல போட்ட நம்பருக்குக் காசு குடுக்காதீங்க

தெர்மல் பேஸ்ட் விளம்பரம் எதைப் பார்த்தாலும் இப்பல்லாம் எரிச்சல்தான் வருது. ஒருத்தன் டப்பா மேல 8.5னு போடறான். அடுத்தவன் 12.5ங்கறான். அதுக்கும் மேல ஒருத்தன் 14.2ன்னு பளபளன்னு அச்சடிச்சு, ஒரு கிராமுக்கு ரெண்டு பேர் வயிறார பிரியாணி சாப்பிடற காசைக் கேக்கறான். (சூட்டைக் கடத்தற திறனுக்கான அளவு அது. வாட், மீட்டர், கெல்வின்னு நீளமா வரும். இங்க வெறும் நம்பரா மட்டும் சொல்லிட்டுப் போறேன், படிக்க லேசா இருக்கும்.) ஓசூர்ல டூல் ரூம் வச்சு கேட்-கேம் ஓட்டறவங்க, சூளகிரியில உக்காந்துக்கிட்டு பெங்களூரு கம்பெனி வேலையைப் பாக்கறவங்க, ராத்திரி முழுக்க கேம் ஆடற காலேஜ் பசங்க, எல்லாரும் லிக்விட் கூலர் மாட்ட ஆரம்பிச்சாச்சு. கூலர் வந்ததும் அடுத்த கேள்வி, "எந்தப் பேஸ்ட்டு மச்சி?" பதிலும் ரெடியா இருக்கும். எது பெரிய நம்பரோ அது.

என் கட்சி வேற. தண்ணி ஓடற கூலர் மாட்டின ப்ராசசருக்குப் பேஸ்ட் எடுக்கும்போது, அந்த நம்பரைக் கடைசியா பாத்தா போதும். அது எவ்வளவு மெல்லிசா படியும், எத்தனை வருஷம் இடம் மாறாம நிக்கும், அசலா டூப்ளிகேட்டா, இந்த மூணும்தான் முன்னால வரணும்.

முதல்ல அங்க பேஸ்ட் என்ன பண்ணுதுன்னு பாத்துடலாம். ப்ராசசர் மேல நிக்கல் பூசின செம்பு மூடி ஒண்ணு இருக்கு. அது மேல வாட்டர் பிளாக்கோட செம்புத் தகடு வந்து உக்காருது. ரெண்டும் கண்ணுக்கு வழவழன்னு தெரியும், ஆனா உள்ளுக்குள்ள மேடும் பள்ளமும்தான். அந்தப் பள்ளத்துல காத்து மாட்டிக்கும். செம்போட கடத்தல் திறன் 400 கிட்ட, காத்தோடது 0.026. செம்புல சர்ருன்னு ஓடி வர்ற சூடு, காத்துல வந்து முட்டிக்கிட்டு நிக்கும். அந்தக் காத்தை வெளிய தள்ளிட்டு அங்க போய் உக்காரறதுதான் பேஸ்ட்டோட மொத்த வேலையும். எவ்வளவு உசத்தி பேஸ்ட்டா இருந்தாலும் செம்புக்கு முன்னால அது சூட்டைத் தடுக்கற சரக்குதான். அதனால எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லது, ஆனா எங்கயும் விட்டுப்போகக் கூடாது.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. (பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்படாதீங்க.) பேஸ்ட்டைத் தாண்டறதுக்கு எத்தனை டிகிரி செலவாகுதுங்கறது நாலு விஷயத்துல நிக்குது. ப்ராசசர் எத்தனை வாட் தள்ளுது, பேஸ்ட் எவ்வளவு தடிமன், எவ்வளவு பரப்பு, பேஸ்ட்டோட கடத்தல் திறன் எவ்வளவு. ப்ராசசர் 200 வாட், பேஸ்ட் 50 மைக்ரான் தடிமன் (தலைமுடியை விட மெல்லிசு), சூடு உண்மையா பாயற பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க. திறன் 1 இருக்கற மட்டமான பேஸ்ட்னா கிட்டத்தட்ட 17 டிகிரி அங்கயே போயிடும். 2 ஆனா 8 டிகிரி. 4 ஆனா 4 டிகிரி. 8 ஆனா 2 டிகிரி. 14 ஆனா? ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல. 1-ல இருந்து 4-க்கு ஏறினா 12 டிகிரிக்கு மேல லாபம், 8-ல இருந்து 14-க்கு ஏறினா ஒரு டிகிரி கூட லாபம் இல்ல. அதுவும் இது 200 வாட் கணக்கு. ஆபீஸ் வேலை பாக்கற 65 வாட் ப்ராசசர்னா 8-க்கும் 14-க்கும் நடுவுல வர்ற வித்தியாசம் அரை டிகிரி கூட தேறாது. கதவைத் திறந்து மூடினா அதை விட அதிகமா மாறும்.

இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. டப்பால போட்ட 8, 12, 14 எல்லாம் உண்மையா அந்த அளவுதானான்னே சந்தேகம். இந்த மாதிரி சரக்கை அளக்கறதுக்கு ஏஎஸ்டிஎம் டி5470ன்னு ஒரு முறை இருக்கு. ஆனா எவ்வளவு அழுத்தம் குடுத்தோம், எவ்வளவு தடிமன், எத்தனை டிகிரி சூட்டுல அளந்தோம்ங்கறதைப் பொறுத்து விடை மாறும். அதையெல்லாம் டப்பாவுல யாரும் போடறதில்ல. ஜெர்மனியில இகோர்ஸ் லேப்னு ஒரு தளம், இதுக்குன்னே செஞ்ச நானோடெஸ்ட் கருவியை வச்சு வரிசையா பேஸ்ட்டுகளை அளந்து போடறாங்க. பெரிய நம்பர் போட்டு விக்கற பேஸ்ட்டுகள் அங்க டப்பாவை விட ரொம்பக் கீழ இறங்கி வருது. கம்பெனிக்காரங்களுக்கே இது தெரியும். எம்எக்ஸ்-4ங்கற பேஸ்ட்டுக்கு 8.5ன்னு போட்ட அதே ஆர்க்டிக் கம்பெனி, அதை விட நல்லதுன்னு விக்கற எம்எக்ஸ்-6க்கு நம்பரே குடுக்கல. நாக்டுவாவும் என்டி-எச்1, என்டி-எச்2 ரெண்டுக்கும் அந்த நம்பரைப் போடறதில்ல. பேர் எடுத்த ரெண்டு கம்பெனி நம்பர் இல்லாமலே விக்கறான், நாம மட்டும் நம்பரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறோம்.

அப்ப எது முக்கியம்? அந்தக் கணக்கையே திரும்பப் பாருங்க. திறனை ரெட்டிப்பாக்கினா என்ன லாபமோ, தடிமனைப் பாதியாக்கினாலும் அதே லாபம். 8 திறன் இருக்கற பேஸ்ட்டை 100 மைக்ரான் தடிமனா விட்டுட்டா அது 4 திறன் பேஸ்ட்டு மாதிரிதான் வேலை செய்யும். ஓசூர் டூல் ரூம்ல வேலை பாக்கற எந்த ஃபிட்டர் அண்ணனுக்கும் இதை விளக்க வேண்டியதே இல்ல. டையோட ரெண்டு பாதி சரியா உக்காருதான்னு பாக்க நீலச் சாயம் தடவி, அழுத்திப் பிரிச்சு, எங்க ஒட்டியிருக்கு எங்க ஒட்டலைன்னு பாப்பாங்களே, ப்ளூ மேட்சிங். வாட்டர் பிளாக்கைக் கழட்டும்போது பேஸ்ட்டோட தடமும் அதே கதையைத்தான் சொல்லும். நடுவுல செம்பு லேசா தெரியற அளவுக்கு மெல்லிசா, ஓரம் வரைக்கும் பரவியிருந்தா மாட்டினது சரி. ஒரு மூலையில மட்டும் பேஸ்ட் கெட்டியா கிடந்தா அந்தப் பக்கம் ஸ்க்ரூ இறங்கலைன்னு அர்த்தம். ஸ்க்ரூவைக் குறுக்கு மூலையா மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். இதுக்கு ஒரு பைசா செலவில்ல. 14.2 பேஸ்ட் குடுக்காத டிகிரியை இது குடுக்கும்.

இன்டெல் 12, 13, 14-ம் தலைமுறை ப்ராசசர் வச்சிருக்கறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. அந்த எல்ஜிஏ1700 சாக்கெட்டோட கிளிப் நடுவுல ரெண்டு பக்கமும் அழுத்தறதால, நீளமான மூடி லேசா வளைஞ்சு நடுவுல குழியாகுது. சூடு அதிகமா வர்ற இடமே நடுவுலதான், அங்கதான் பேஸ்ட் தடிமனாகுது. அந்தக் கிளிப்புக்குப் பதிலா மாட்டற காண்டாக்ட் ஃப்ரேம் தெர்மல்ரைட்ல சல்லிசா கிடைக்குது. ஏஎம்டி ரைசன்ல வேற சமாச்சாரம். சூடு கிளம்பற சில்லு மூடிக்கு நேர் நடுவுல இல்ல, ஒரு ஓரமா தள்ளி இருக்கு. அதனால நாக்டுவா, ஆர்க்டிக் மாதிரி கம்பெனிங்க கூலரையே சில மில்லிமீட்டர் நகர்த்தி மாட்ட வழி குடுத்திருக்காங்க. நாக்டுவா சொல்ற லாபம் 1-ல இருந்து 3 டிகிரி. ரெண்டும் பேஸ்ட் இல்ல, வெறும் உலோகமும் ஸ்க்ரூவும். ஆனா விலை கூடின பேஸ்ட்ல தேடற டிகிரி இங்கதான் கிடக்கு.

அடுத்தது ஆயுசு. ப்ராசசர் சூடாகும்போது மூடியும் தகடும் விரியும், ஆறும்போது சுருங்கும். ஒவ்வொரு தடவையும் நடுவுல இருக்கற பேஸ்ட் துளித்துளியா ஓரத்துக்குத் தள்ளப்படும். இதுக்குப் பேரு பம்ப்-அவுட். மூடி இல்லாத லேப்டாப் சில்லு, கிராபிக்ஸ் கார்டுல இது சீக்கிரமே தலைகாட்டும். மூடி இருக்கற டெஸ்க்டாப்ல மெதுவா வரும், ஆனா வரும். எண்ணெய் மாதிரி இளகி இருக்கற பேஸ்ட் முதல் நாள் அழகா பரவும், மெல்லிசாவும் படியும், டெஸ்ட்ல நல்ல மார்க்கும் வாங்கும். ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா கதை மாறியிருக்கலாம். நம்ம வட்டாரத்துலயே இதுக்கு சாட்சி இருக்கு. ஓசூர்ல டிவிஎஸ்ஸும் ஏதரும், போச்சம்பள்ளியில ஓலாவும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்யறாங்க. இந்த மாதிரி வண்டியோட பவர் எலக்ட்ரானிக்ஸ்ல சூடாகற பாகத்துக்கும் உறைக்கும் நடுவுல இதே வேலையைச் செய்ய ஒரு சரக்கு வேணும். வண்டித் தொழில்ல அந்த சரக்கை ஆயிரக்கணக்கான தடவை சூடாக்கி ஆறவச்சு, அப்புறமும் அதே இடத்துல நிக்குதான்னு பாத்துட்டுத்தான் எடுப்பாங்க. முதல் நாள் நம்பரை மட்டும் பார்த்து எடுத்தா வாரண்டியில வந்து நிக்கும்.

அதனால, கொஞ்சம் கெட்டியா, பரப்பறதுக்கு முரண்டு பிடிக்கற பேஸ்ட்டைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க. எம்எக்ஸ்-6 அந்த ரகம்தான். என்டி-எச்1ஐ ப்ராசசர் மேல 5 வருஷம் வரைக்கும் விடலாம்னு நாக்டுவாவே சொல்லுது. ஒரு தடவை ஒட்டிட்டு மறந்துடணும்னு நினைக்கறவங்களுக்கு ஹனிவெல்லோட பிடிஎம்7950ன்னு ஒரு தாள் இருக்கு. சாதாரண சூட்டுல கெட்டியா இருக்கும், 45 டிகிரி தாண்டினா இளகி மேடு பள்ளத்துல இறங்கும். பம்ப்-அவுட்டை நல்லா தாங்கும். அதோட நம்பர் என்ன தெரியுமா? வெறும் 8.5. இருந்தும் லேப்டாப் ரிப்பேர்காரங்க அதைத் தேடி அலையறாங்க.

சரி, எதிர்க்கேள்விக்கு வருவோம்.

"நம்பர் முக்கியமில்லைன்னா லிக்விட் மெட்டல் எதுக்கு இருக்கு? கண்டக்டோநாட் 73 ஆச்சே!" நியாயமான கேள்வி. மூடியைப் பிளந்து எடுத்துட்டு நேரா சில்லு மேலயே பிளாக்கை வைக்கறவங்களுக்கு அது உண்மையிலயே பெரிய லாபம். பரப்பு சுருங்கிடுது, அதனால ஒவ்வொரு மைக்ரானும் கணக்காகுது. ஆனா மூடிக்கு மேல போடறதுக்கு? நம்ம கணக்குப்படி 8-க்கு 2 டிகிரி, 73-க்கு கால் டிகிரி. மிச்சம் ரெண்டு டிகிரிக்கும் கீழ. அதுக்காக எடுக்கற ரிஸ்க்கைப் பாருங்க. அதுல இருக்கற காலியம் அலுமினியத்தைத் தொட்டா அதை உள்ளயே அரிச்சு உதிர வச்சுடும். வெறும் செம்புல கறை பிடிக்கும், மெல்ல ஊறி உள்ள இறங்கும். மின்சாரமும் கடத்தும். ஏஎம்டியோட ஏஎம்5 சாக்கெட் ப்ராசசருக்கு மூடி நாலு பக்கமும் வெட்டுப்பட்டு, குட்டிக் குட்டி கெபாசிட்டர்கள் வெளிய தெரியற மாதிரி இருக்கு. அங்க ஒரு துளி வழிஞ்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. "சோனி பிளேஸ்டேஷன் 5-லயே போட்டிருக்கானே?" போட்டிருக்கான், 2020-ல இருந்து. அவன் வழியாம இருக்க சுத்தி சீல் வச்சு, அதுக்குன்னே டிசைன் பண்ணி, தொழிற்சாலையில மெஷின் வச்சுப் போடறான். நம்ம கையில இருக்கறது ஒரு பட்ஸும் நடுங்கற விரலும்.

"யூடியூப் டெஸ்ட்ல 4, 5 டிகிரி வித்தியாசம் காட்டறாங்களே?" காட்டறாங்க, பொய் இல்ல. ரொம்ப மட்டமான பேஸ்ட்டையும் ரொம்ப உசத்தி பேஸ்ட்டையும் ஒரே படத்துல போட்டா வித்தியாசம் கண்டிப்பா தெரியும். மேல சொன்ன கணக்கே அதைத்தானே சொல்லுது. 250 வாட் தள்ளற ப்ராசசர்ல, சூடு ஒரே இடத்துல குவியும்போது, என் கணக்கை விட வித்தியாசம் கூடவும் செய்யும். ஆனா பேர் எடுத்த நாலஞ்சு பேஸ்ட்டை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க, ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரிக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணா கிடக்கும். அதே பேஸ்ட்டைக் கழட்டித் திரும்ப மாட்டினாலே அந்த அளவு மாறும். இன்னொண்ணு, ரைசன் 7000 வரிசையில பெரிய ப்ராசசர்கள் முழு லோடுல 95 டிகிரியைத் தொடற வரைக்கும் வேகத்தை ஏத்திக்கற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. அங்க நல்ல பேஸ்ட் போட்டாலும் திரையில அதே 95 தெரியும், வேகம் மட்டும் துளி கூடும். "பேஸ்ட் மாத்தியும் குறையலையே"ன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போக வேணாம்.

"சூப்பர்கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு டிகிரிக்கும் மல்லுக்கட்டறாங்களே?" ஆமாம், அவங்களுக்கு அது காசு. நம்மகிட்ட இருந்து எல்லை தாண்டினா பெங்களூரு ஐஐஎஸ்சி. அங்க 2022-ல வந்த பரம் பிரவேகா, 3.3 பெட்டாஃப்ளாப்ஸ் மெஷின், அட்டோஸோட புல்சீக்வானா எக்ஸ்எச்2000 ரகம். அந்த ரகத்துல ப்ராசசர் மேலயே தண்ணித் தகடு உக்காரும், உள்ள போற தண்ணி 40 டிகிரி வரைக்கும் இருக்கலாம்னு வடிவமைச்சது. அதுக்கும் முன்னால 2010-லயே ஐபிஎம்மும் சூரிச் ஈடிஎச்சும் சேர்ந்து அக்வாசார்ங்கற சூப்பர்கம்ப்யூட்டர்ல 60 டிகிரி வெந்நீரை வச்சே கூல் பண்ணிக் காட்டினாங்க. சில்லுக்கும் தண்ணிக்கும் நடுவுல தடை எவ்வளவு குறையுதோ, அவ்வளவு சூடான தண்ணியை விடலாம், சில்லர் மெஷினுக்குக் கட்டற கரண்டு பில் மிச்சம். ஆயிரக்கணக்குல ப்ராசசர் ஓட்டறவனுக்கு ஒரு டிகிரி லட்ச ரூபா. நம்ம வீட்ல சில்லர் இல்ல, ஒரு டிகிரிக்கு ஒரு பைசாவும் மிச்சமாகாது.

"இவ்வளவு காசு போட்டு கூலர் வாங்கிட்டு பேஸ்ட்ல கஞ்சத்தனமா? யானையை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசிக்கலாமா?" அங்குசம் வேணாம்னு யாரு சொன்னா? தங்கத்துல அங்குசம் எதுக்குங்கறேன். சில நூறு ரூபாய்ல நல்ல பேர் இருக்கற பேஸ்ட் 4 கிராம் கிடைக்குது, நாலஞ்சு தடவைக்கு வரும். பேர் ஊர் தெரியாத சாம்பல் நிற சிரிஞ்சை மட்டும் தொடாதீங்க, அந்த 1, 2 திறன் கணக்கு அங்கதான் கடிக்கும். பெங்களூரு எஸ்.பி. ரோடோ, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ, ஆன்லைனோ, எங்க வாங்கினாலும் அசலான்னு பாருங்க. எம்எக்ஸ்-4க்குப் போலி வந்து வந்து, ஆர்க்டிக்கே அசலா போலியான்னு சரிபாக்க ஏற்பாடு பண்ணியிருக்கு. 14.2ன்னு போட்ட போலியை விட 8.5ன்னு போட்ட அசல் நூறு மடங்கு மேல். அப்புறம், நிறைய கூலர்ல தகட்டு மேலயே பேஸ்ட் தடவித்தான் வரும். புதுசா மாட்டும்போது அதுவே போதும். ஒரு தடவை கழட்டிட்டீங்கன்னா மட்டும் சுத்தமா துடைச்சுட்டுப் புதுசு போடணும்.

உண்மையில பேஸ்ட்தான் குத்தவாளியான்னு காசு செலவில்லாம கண்டுபிடிக்கலாம். சூட்டைக் காட்டற எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரைத் திறந்து வச்சுட்டு, ப்ராசசரை முழுசா வேலை வாங்கற சினிபெஞ்ச் டெஸ்ட்டைப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஓட்டுங்க. லிக்விட் கூலர்ல சூடு ரெண்டு கட்டமா ஏறும். லோடு விழுந்த முதல் சில நொடியில விருட்டுன்னு ஒரு தாவல். அப்புறம் தண்ணி சூடாக சூடாக, நிமிஷக் கணக்குல மெதுவா ஒரு ஏத்தம். அந்த முதல் தாவல்ல சில்லு, மூடி, பேஸ்ட், தகடு எல்லாத்துக்கும் பங்கு உண்டு. ஆனா பம்ப் வேகம் சரியா இருந்து, அதே வாட்டுக்குப் போன வருஷத்தை விட இந்த வருஷம் அந்தத் தாவல் பெருசாயிருந்தா, அப்ப பேஸ்ட் மேல சந்தேகப்படலாம். தாவல் அதேதான், மெதுவா ஏறற பகுதிதான் மோசம்னா, பேஸ்ட் பாவம், அதை விட்டுடுங்க. ரேடியேட்டர்ல தூசி, ஃபேன், இல்ல ரூம் சூடு. நெடுஞ்சாலை ஓரம், லாரியும் கிரானைட் தூசியுமா இருக்கற நம்ம பக்கத்துல முதல்ல அடைபடறது ரேடியேட்டரோட துடுப்புதான். ரூம் சூடும் சும்மா இல்ல. ஃபேனும் லோடும் மாறலைன்னா, ரூம் ஒரு டிகிரி ஏறினா ப்ராசசரும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். ஓசூர் 900 மீட்டர் உயரத்துக்குக் கிட்ட, கிருஷ்ணகிரி நல்லா கீழ, சூளகிரி ரெண்டுக்கும் நடுவுல. ஒரே கம்ப்யூட்டரை ஏப்ரல் மாசத்துல ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனா வர்ற வித்தியாசம், எந்தப் பேஸ்ட் மாத்தினாலும் வராது. (உயரத்துல காத்து கொஞ்சம் லேசு, ஃபேன் கொஞ்சம் கம்மியாத்தான் சூட்டை அள்ளும். இருந்தாலும் ஓசூர் குளிர்ச்சிதான் ஜெயிக்கும்.)

கடைசியா ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. "வருஷா வருஷம் பேஸ்ட் மாத்தணுமா?" வேணாம். நல்லா ஓடிட்டு இருக்கறதை ஆயுத பூஜைக்கு சுத்தம் பண்றேன்னு பிரிச்சு, சரியா உக்காந்திருந்த பிளாக்கைக் கோணலா மாட்டி வைக்கறதுதான் நிறைய இடத்துல நடக்குது. வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பதினஞ்சு நிமிஷ டெஸ்ட்டை ஓட்டி, ரூம் சூட்டையும் சேர்த்துக் குறிச்சு வையுங்க. தாவல் மாறாத வரைக்கும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீங்க, ரேடியேட்டர் தூசியை மட்டும் ஊதி விடுங்க. மாறினா, எம்எக்ஸ்-6, என்டி-எச்1 மாதிரி ஒண்ணை அசலா பாத்து வாங்கிப் போடுங்க, கைக்காசு மிச்சமானா ஒரு நல்ல ஃபேன் வாங்குங்க.